பூஜ்யம் நம்பர் வீடு

லினக்ஸின் மையப் பகுதிக்கு கெர்னல் என்று பெயர். 'பருப்பு' என்று தமிழில் சொல்லலாம். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது தடுக்கி விழும்போது திரையில் கொட்டுகிற எண்களுக்கும் பெயர்களுக்கும் 'ஊப்ஸ்' என்று பெயர். நம்மூர் 'அய்யய்யோ'தான். பார்வைக்குக் கிறுக்கல், படிக்கத் தெரிந்தவருக்கு அது மரண வாக்குமூலம்.

புராசஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்போன் எப்போதும் முழு வேகத்தில் ஓடினால் மதியத்துக்குள் பேட்டரி காலி. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். செலவாகும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. லாபம் அங்கேதான்.

ஒரே கடிகாரத் துடிப்பில் ஓடும் புராசஸர் மையங்களுக்கு கெர்னல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஒரு மையத்தை அணைத்துவிட்டால் அதன் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். அந்த நேரம் பார்த்து டிரைவர் அதன் பதிவேட்டைக் கேட்டால் வரும் பதில் பூஜ்யம். டிரைவர் அதைச் சரிபார்க்காமல் பூஜ்யத்தையே முகவரியாக எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினால் தீர்ந்தது கதை. இத்தகைய தவறுகள் பிடிபடட்டும் என்றே நினைவகத்தின் அந்த முதல் பக்கத்தை யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

ஊப்ஸ் இதையெல்லாம் சொல்லிவிடும். முகவரி சரியாகப் பூஜ்யமாக இல்லாமல் சின்ன எண்ணாக இருந்தால், பதிவேட்டின் எந்தக் கட்டத்தைத் தேடினார்கள் என்று அதிலிருந்தே கணக்கிடலாம். எந்தச் செயல்கூறில், எத்தனை பைட் தள்ளி விழுந்தது, அதை அழைத்தது யார், அவரை அழைத்தது யார் என்று சங்கிலியாக எழுதியிருக்கும். கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும்.

அதிலும் புரியாவிட்டால் பாதி பாதியாக வெட்ட வேண்டியதுதான். ஒரு கெர்னல் வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 13,000 மாற்றங்கள் என்று வைத்துக்கொண்டால், 14 சுற்றில் குற்றவாளி அகப்பட வேண்டும். கணக்கு எளிது, நடைமுறை கொடுமை. இரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டுமே விழும் எந்திரமென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் பல நாள் காத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து ஒரே ஒரு சுற்றில் 'இது நல்லது' என்று தவறாகக் குறித்துவிட்டால், மீதித் தேடல் முழுவதும் குற்றவாளி இல்லாத பாதியில்தான் நடக்கும்.

2025-இல் இந்தப் பூஜ்ய ஓட்டை மூன்று டிரைவர்களில் அடைக்கப்பட்டது. ஆர்ம் வகை எந்திரங்களுக்கானவை இரண்டு, ஆப்பிள் சில்லுகளுக்கானது ஒன்று. மூன்றிலும் ஒரே இடம், ஒரே மறதி. திருத்தமும் ஒன்றுதான்: வந்தது பூஜ்யமா என்று பார், ஆமென்றால் திரும்பிப் போ. இரண்டு வரி.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. நான் வசிக்கும் மைசூரில் 1905-இல் சாமசாஸ்திரி கண்டெடுத்த அர்த்தசாஸ்திரச் சுவடி 1909-இல் அச்சேறியது. பதிப்பாசிரியர்களுக்கு ஒரு பால பாடம் உண்டு: இரண்டு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால், பெரும்பாலும் இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை. டிரைவர் எழுதுபவரும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. பக்கத்து டிரைவரைப் பார்த்துத்தான் எழுதுகிறார். ஆகவே ஒன்றில் பிழை கண்டவர் அதன் உறவினர்களையும் விசாரிக்க வேண்டும்.

இதே ஊரில் இன்ஃபோசிஸ் வளாகத்துக்கு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் புரோகிராம் எழுதப் பயில வருகிறார்கள். பிறர் எழுதியதை வரி வரியாக வாசிக்கும் பயிற்சிக்கும் எல்லாப் பாடத்திட்டங்களிலும் அதே மணிநேரம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. பள்ளிக் கணினி, ஆஸ்பத்திரிக் கருவி, நம் சட்டைப்பையிலிருக்கும் போன் என்று லினக்ஸ் எங்கும் நுழைந்துவிட்டது. சாதாரண புரோகிராம் விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னல் விழுந்தால் பல சமயம் எந்திரமே படுத்துவிடும்.

கெர்னலில் நுழையும் திருத்தத்தோடு ஒரு குறிப்பும் நிரந்தரமாகச் சேரும்: எழுதியவர் பெயர், ஒப்புதல் தந்தவர் பெயர், பிழை எந்தப் பழைய மாற்றத்தில் நுழைந்தது என்ற விவரம். வேகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வரும் திருத்தங்களைப் பார்த்து ஏற்கும் பொறுப்பாளர்களில் இந்தியரான விரேஷ் குமாரும் ஒருவர்.