சாவியைக் கொடுத்தது யார்?

பேப்பரில் ‘சிறுவன் கைது’ என்று செய்தி வந்தால் போதும், எங்கள் தெருப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவோம். “பதினாறு வயசுல எல்லாம் தெரியும், பிடிச்சு உள்ளே போடணும்” என்பது ஒரு கட்சி. “பெத்தவங்களை முதல்ல கேட்கணும், வளர்த்த லட்சணம் அப்படி!” என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்கு நான்தான் தலைவி. கடைசியில் அந்தத் தீர்ப்பு என் தலையிலேயே வந்து விடிந்தது.

போன வருஷம் கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம். திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வீட்டில் பாலும் இல்லை, கொத்தமல்லியும் இல்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகனைக் கூப்பிட்டு, “முக்குக் கடைதானேடா, அப்பா ஸ்கூட்டரை எடுத்துட்டு ஓடிப் போய் வந்துடு” என்று ஆணியில் தொங்கிய சாவியை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தெருவில் ஒரே சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், திருப்பத்தில் எங்கள் பூக்காரப் பாட்டி கீழே கிடக்கிறாள். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கூடை கவிழ்ந்து மல்லிகைச் சரமெல்லாம் மண்ணில். “சின்னப் பையன் கையில யாரு வண்டியைக் கொடுத்தது?” என்று கூட்டத்தில் ஒருவர் சத்தம் போட்டார்.

சகோதரிகளே, அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்குத் தெரியாம சாவியை எடுத்துட்டுப் போயிட்டான்” என்றேன். அத்தோடு விடாமல் எல்லோர் எதிரிலும் அவன் கன்னத்தில் ஓர் அறையும் விட்டேன். அவன் ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்த பாட்டிதான், “பையனை அடிக்காதே தாயி” என்றாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். பாட்டியின் மகன், “செலவை மட்டும் கொடுத்துடுங்க, கேஸெல்லாம் வேணாம்” என்று சொல்லிவிட்டார். அதனால் தப்பித்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி மகன் சாப்பிடவில்லை. என் கணவர் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்போதும் அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொன்னார்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் ‘199ஏ’ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரோ வண்டிக்குச் சொந்தக்காரரோதான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கும் 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பெரியவர்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்றோ, ‘ஆனமட்டும் தடுத்தேன்’ என்றோ நாம்தான் நிரூபிக்க வேண்டும். ‘எனக்குத் தெரியாமல்’! தெருவில் நான் சொன்ன அதே பொய். நான் தப்பிக்க என் பிள்ளையைத் திருடனாக்கியிருக்கிறேன்.

சரி, பிள்ளையை என்ன செய்வார்கள்? 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் கொண்ட குழுமம் விசாரிக்கும். அந்தச் சேவகர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். புத்தி சொல்லி அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், சிறப்பு இல்லத்தில் மூன்று வருஷம் வரை வைக்கலாம். பெற்றவர்களையே அபராதம் கட்டச் சொல்லவும் இடமுண்டு. 16 வயதைத் தாண்டியவர்கள் மிகக் கொடிய குற்றம் செய்தால் மட்டும், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று பார்ப்பார்கள்.

திருவாரூர் கோயிலுக்குப் போனால் கல்தேர் ஒன்றைக் காட்டுவார்கள். கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் பாடம். ஆனால் அந்த இளவரசன் கையில் தேரைக் கொடுத்தது யார் என்று இத்தனை நாளும் நான் யோசித்ததில்லை.

அதற்காக எல்லாத் தப்புக்கும் பெற்றவர்களை உள்ளே தள்ளு என்றும் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய் இருட்டி வீடு திரும்பும் தாய், மகன் யாரோடு சேருகிறான் என்று எப்படிப் பார்ப்பாள்? அவளுக்கு அபராதம் போட்டால் அந்தப் பிள்ளையின் சோறுதான் குறையும். ஆனால் நம் கையால் நாமே எடுத்துக் கொடுத்ததற்கு நாம்தான் பொறுப்பு. பிள்ளையும் தன்னால் அடிபட்டவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அதனால் இரண்டு பேருக்கும் தண்டனை என்று முடிவு செய்தோம். கட்டுப் பிரிக்கும் வரை ஆறு வாரம், பாட்டியின் மருமகள் கட்டிக் கொடுத்த பூவைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொடுத்தான் என் மகன். முதல் வாரம் தலை குனிந்தே போனான். பிறகு எந்த வீட்டுக்கு எத்தனை முழம் என்று அவனுக்கே மனப்பாடம். நான் மத்தியானச் சாப்பாடு கொண்டு போனேன். அது பெரிய தண்டனை இல்லை. அன்றைக்குக் கூட்டம் கூடிய அதே முக்கில் நின்று, “சாவியைக் கொடுத்தது நான்தான், அவன் மேல் தப்பில்லை” என்று தெருப் பெண்களிடம் சொன்னேனே, அதுதான் தண்டனை.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன், “என் மேலயும் தப்பு இருக்கும்மா. திருப்பத்துல வேகமாத்தான் வந்தேன்” என்றான்.

இப்போது ஆணியில் சாவி இல்லை, பீரோவுக்குள் இருக்கிறது. ‘பக்கத்துக் கடைதானே, போலீஸ் எங்கே வரப் போகிறது’ என்று சாவியை நீட்டும் அம்மாக்களே, போலீஸ் வராமல் இருக்கலாம், ஒரு பாட்டி கூடையோடு எதிரே வரலாம். கொத்தமல்லி இல்லாமலும் ரசம் வைக்கலாம்.