மலையடிவாரத்துப் பாட்டு

போடிநாயக்கனூருக்குப் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு காரியங்களுக்காகப் போவார்கள். ஒன்று, ஏலக்காய் வாங்க; மற்றொன்று, ஏலக்காய் விற்க. இவ்விரண்டும் இல்லாமல் வெறுங்கையுடன் போய், வெறுங்கையுடன் திரும்பிய பெருமை நம்மைச் சேர்ந்தது. ஆயினும் காது மட்டும் வெறுமையாகத் திரும்பவில்லை.

போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் சிலமலை என்றொரு கிராமம் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலைத் தொடர் சுவர் எழுப்பினாற்போல் நிற்கும். மாலை வேளையில் அங்கே பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். ஏலத்தோட்டத்து வேலை முடிந்து பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஒலித்தது. தலையில் துண்டு கட்டிய கிழவி ஒருத்தி அதை முணுமுணுத்தாள். அவளுடன் நின்ற பேத்தியும் அடுத்த அடியைத் தவறாமல் எடுத்தாள். பாட்டு 'அன்னக்கிளி' படத்தைச் சேர்ந்தது. அந்தப் படம் வெளிவந்தது 1976-ஆம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி. பேத்திக்கு வயது பதினைந்துக்கு மேல் இராது!

அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் பிறந்த பண்ணைப்புரம், அதே சாலையில் தேவாரத்துக்கும் அப்பால் இருக்கிறது. 1943-இல் பிறந்த அவருக்கு இளையராஜா என்ற பெயரே 'அன்னக்கிளி'யின்போது கிடைத்ததுதான். சென்னையில் மேல்நாட்டு ஸங்கீதம் கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் 'ராஜா' என்று அழைத்தார். முன்னமே ஏ. எம். ராஜா என்ற கீர்த்தி வாய்ந்த பாடகர் இருந்தபடியால், படத் தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலம் 'இளைய' என்பதைச் சேர்த்தார்.

முதல் பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கும் சமயத்தில் மின்சாரம் நின்று விட்டதாம். "நல்ல சகுனம்!" என்று யாரோ பரிகசித்தார்களாம். இதை அவரே பல மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்துத் தமிழ்நாட்டை வாசகர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 'ஆராதனா'வும் 'பாபி'யும் வந்த பிறகு, நம் பட்டணத்து வாலிபர்கள் ஒரு வார்த்தைகூட அர்த்தம் தெரியாமல் ஹிந்திப் பாட்டுக்களை உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹிந்திப் பாட்டின்மேல் நமக்குக் கோபம் இல்லை. நல்ல பாட்டு எந்த பாஷையில் இருந்தாலும் நல்ல பாட்டுத்தான். ஆனால், தன் வீட்டுப் பாட்டைப் பாடக் கூச்சப்படுகிறவன் அயல் வீட்டுப் பாட்டைப் பாடும்போது, அதில் பாதி ரஸனை, பாதி வெட்கம்.

அத்தகைய வேளையில்தான் நெல் குத்தும் பெண்களின் பாட்டும், காதலனைத் தேடும் கிராமத்துப் பெண்ணின் பாட்டும் ஜானகி அம்மாளின் குரலில் ஒலிபெருக்கி வழியே புறப்பட்டன. கல்யாண வீடு, ஓட்டல், திருவிழா, எங்கும் அதே பாட்டுத்தான். ஜனங்கள் தீர்ப்பளிக்க ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கற்றறிந்தவர்களுக்குத்தான் காலம் பிடித்தது. "இது தெம்மாங்கு அல்லவா? வயற்காட்டில் இலவசமாகக் கேட்கக்கூடியதற்குச் சினிமாக் கொட்டகையில் டிக்கட் வாங்குவானேன்?" என்றார்கள். மறைப்பானேன், அப்படி மூக்கைச் சுளித்தவர்களில் நாமும் ஒருவர். அந்த மூக்கு இப்போது நேராகி விட்டது. ஆனால் சுளித்த குற்றம் குற்றந்தானே?

எங்கே தவறினோம் என்று யோசித்துப் பார்த்தோம். கிராமிய மெட்டு தமிழ் சினிமாவுக்குப் புதிதன்று. கே. வி. மகாதேவனும், விசுவநாதன் - ராமமூர்த்தியும் அதை முன்பே அழகாகக் கையாண்டவர்கள். இளையராஜாவிடம் புதிதாக இருந்தது, மெட்டைச் சுற்றி அவர் கட்டிய வீடு. வயலினும் கிதாரும் புல்லாங்குழலும் பாடகிக்குப் பின்னால் வெறுமனே ஒத்து ஊதிக்கொண்டிருக்கவில்லை. அவையும் தங்கள் பங்குக்குப் பேசின. ஆனால் ஓரிடத்திலும் அந்தப் பெண்ணை மிரட்டவில்லை. பட்டணத்து மாளிகைக்குள் நுழைந்தும் அவள் தன் சேலைக் கட்டை மாற்றிக்கொள்ளவில்லை. நாமோ கட்டடத்தைப் பாராமல், வாசலில் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி விட்டோம்.

இதில் இன்னொரு கடனும் இருக்கிறது. 'அன்னக்கிளி'யின் பாட்டுக்களை எழுதியவர் பஞ்சு அருணாசலம். பாடியவர்கள் ஜானகியும் சுசீலாவும் டி. எம். சௌந்தரராஜனும். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிய கலைஞர் அந்தக் குடும்பத்தில் வேறொருவர் இருந்தார். அவர் இளையராஜாவின் தமையனார், பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் தேவிகுளம் உபதேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவருடைய பாட்டு மலை மலையாக எதிரொலித்தது. கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அரசியலில் நம் அபிப்பிராயம் எதுவாயினும் ஆகுக; பகல் முழுவதும் கொழுந்து பறித்துக் களைத்தவர்களை இரவில் பாட்டுக் கேட்க உட்கார வைப்பது லேசான வித்தையன்று. தம்பிமார்கள் அந்தக் கோஷ்டியில்தான் தொழில் கற்றார்கள். எந்த மெட்டு ஜனங்களை எழ வைக்கும், எது கொட்டாவி விட வைக்கும் என்பதை எந்தக் கலாசாலை சொல்லிக்கொடுக்கும்?

தமையனார் 'அன்னக்கிளி'யைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு முன்பே காலமாகி விட்டார். தம்பி பின்னாளில் தமது படக் கம்பெனிக்குப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷமே '16 வயதினிலே' படத்தில் தம் சொந்தக் குரலிலும் பாடினார். பிறகு பாட்டுக்கள் எழுதவும் செய்தார். தமையனார் ஒருவராகச் செய்த மூன்றையும் தம்பி ஒவ்வொன்றாகக் கைக்கொண்டதைப் பார்க்கும்போது, அது கீர்த்தியின் ஆசையாக நமக்குத் தோன்றவில்லை. பாக்கியைத் தீர்ப்பதாகவே தோன்றுகிறது.

2025-ஆம் வருஷம் மார்ச் 8-ந் தேதி, அவர் எழுதிய ஸிம்பொனி லண்டன் மாநகரில் அரங்கேறியது. அன்று மூக்கைச் சுளித்தவர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். லண்டன் கை தட்டிய பிறகு நாம் தட்டுவதில் என்ன துணிச்சல் இருக்கிறது? சிலமலைக் கிழவிக்கு எவருடைய அத்தாட்சியும் வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே அவள் தன் பாட்டை அடையாளம் கண்டுகொண்டாள்.

இன்றும் அந்த மலைச்சரிவுகளில் ஒரு பையன் ஏதாவது பாடிக்கொண்டுதான் இருப்பான். வாசகர்கள் அந்தப் பக்கம் போனால் ஏலக்காய் வாங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அத்துடன் சற்றே காதையும் கொடுத்துவிட்டு வரட்டும். இம்முறையாவது நாம் ஐம்பது வருஷம் தாமதிக்க வேண்டாம்.