புத்தாண்டும் பழைய கணக்கும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வல்லம் வடகால் பக்கத்து மாதா கோவில்களில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். கிறிஸ்துமஸ் முடிந்த ஆறாம் நாள், டிசம்பர் 31 இரவு, ஆண்டின் கடைசி ஆராதனை. பன்னிரண்டு அடித்ததும் மணி முழங்கும். ஒருவரையொருவர் வாழ்த்திக் கை குலுக்குவர். பின்னர் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால், அதில் அச்சிட்டுள்ள வேத வசனமே அந்த ஆண்டு முழுவதும் நமக்குரிய இறைவாக்கு. கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்காகவே இதை இவ்வளவு விளக்குகிறேன். கடிந்துரைக்கும் வசனம் எவருக்கும் வந்து நான் கண்டதில்லை. ஏனெனில் அவற்றை அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை!

அட்டை எடுப்பது தவறென்று நான் வாதிடவில்லை. என் தாயாரும் எடுக்கிறார்; எடுத்ததை அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கிறார். ஆனால் புது வாழ்வு என்பது தட்டில் வைத்து நீட்டப்படும் பரிசு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டதே, அதைத்தான் மறுக்கிறேன். வேதாகமம் காட்டும் புது வாழ்வுக்கு விலையுண்டு. அந்த விலையைக் கொடுக்க வேண்டியவன் யார் என்பதும் அங்கே தெளிவாக இருக்கிறது.

சகேயுவை எண்ணிப் பாருங்கள். எரிகோ நகரத்து வரி வசூல் தலைவன்; குள்ளன்; கூட்டத்தில் இயேசுவைக் காண முடியாமல் மரத்தில் ஏறியவன். ஞாயிறு பள்ளியில் மரம் ஏறிய கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். மரத்தைவிட்டு இறங்கிய பிறகு அவன் செய்ததல்லவா செய்தி! தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறான். எவரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். தவற்றை அறிக்கையிட்டு ஈடு செய்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டத்தில் உள்ள ஒரு விதி. சகேயு அந்தக் குறைந்தபட்சத்தைத் தேடவில்லை. போகியன்று பழையதைக் கொளுத்துகிறோம். கடன்பட்டவனே கடன் பத்திரத்தைக் கொளுத்திவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வட்டாரத்திலேயே நடந்தது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி தயாரிக்கும் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் என்ன ஆனார்கள் என்ற விவரம் தெரியாத நிலையில், 17-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாளும் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மார்கழிப் பனி! ஆலை மூடப்பட்டது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் மூடிய ஆலையின் நிழலில் கழிந்தது. டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்குரியவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. சீர்திருத்தம் முடியும்வரை ஊதியம் தொடரும் என்று ஃபாக்ஸ்கான் அறிவித்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது. பின்னர் 2024 ஆகஸ்டில், எங்கள் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 706.50 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்து, திறப்பு விழாவும் கண்டது.

அந்தச் சில வாரங்களில் நடந்தது முழு மனந்திரும்புதல் என்று நான் சொல்லமாட்டேன். வணிகம் வணிகமே. ஆயினும் அதன் வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் பாதிக்கப்பட்டவர் பேசினர். அதன் பின் பொறுப்புடையோர் குறையை ஒப்புக்கொண்டனர். அதன் பிறகே கட்டடம் வந்தது. வாழ்த்து அட்டையில் தொடங்கியிருந்தால் வாழ்த்து அட்டையிலேயே முடிந்திருக்கும்.

“ஆன்மாவின் காரியத்தில் ஆலைக் காரியத்தை ஏன் கலக்கிறாய்?” என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவர்மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் டிசம்பர் 31 ஆராதனையின் வரலாறே அவருக்கு விடை சொல்லும். இரவு முழுதும் விழித்து ஜெபிக்கும் வழக்கத்தை மெதடிஸ்டுகளிடையே பரவச் செய்தவர்கள் இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகேயுள்ள கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்தவர்கள், 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே இரவை ஜெபத்துக்குக் கொடுத்தார்கள். ஜான் வெஸ்லி அதை ஏற்றுக்கொண்டார். அமெரிக்காவில் 1862 டிசம்பர் 31 இரவு, கறுப்பின மக்கள் கோவில்களில் கூடி விழித்திருந்தது எதற்காக? விடியும் 1863 ஜனவரி முதல் நாள் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வெளியாக வேண்டும் என்பதற்காக! அவர்கள் காத்திருந்த புத்தாண்டு ஒரு சட்டம். அதைக் கேட்டுப் பாடியவர்களின் ஆன்மா எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை.

இன்னும் ஒன்று. பெத்லகேமில் பிறப்புச் செய்தி முதலில் யாருக்குப் போயிற்று? இரவில் மந்தையைக் காவல் காத்த மேய்ப்பருக்கு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நைட் ஷிப்டுக்காரர்களுக்கு! ஊர் உறங்கும்போது வேலையில் விழித்திருந்தவர்களே முதற் சாட்சிகள். அப்படியிருக்க, இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் நம் நள்ளிரவு ஆராதனைக்கு வர இயலும்? இரண்டாம் ஷிப்டு முடித்தவர்கள் பஸ்ஸில் இருப்பார்கள். மூன்றாம் ஷிப்டுக்காரர்கள் எந்திரத்தின் முன் இருப்பார்கள். விடுதிக்குத் திரும்பியவர்களை வாசற்கதவு வெளியே விடாது. 1958-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் தொழிற்சாலைகளுக்குத் தேசிய விடுமுறைகள் நீங்கலாக ஐந்து பண்டிகை நாட்களைத்தான் வகுத்திருக்கிறது. பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூஜையும் போக மிஞ்சுவது எவ்வளவு?

இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், குரு இரகசியமாக உபதேசித்ததைத் திருக்கோட்டியூர்க் கோவில் உயரத்தில் ஏறி எல்லாருக்கும் உரைத்தார் என்று வைணவ நண்பர்கள் பெருமையோடு சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். நற்செய்தி என்ற பெயரை வைத்துக்கொண்டு, வர முடிந்தவர்களுக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். என் தமக்கை பிளஸ் டூவோடு நின்று ஆலை வேலைக்குப் போனதால்தான் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட முடிந்தது. சென்ற டிசம்பர் 31 இரவு நான் கோவிலில் இருந்தேன், தமக்கை ஷிப்டில். எனக்குப் புத்தாண்டு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் நான் கடன்காரன். சம்பாதித்த பிறகு தீர்ப்பேன் என்று சொல்வது எளிது. இப்போதே செய்யக்கூடியது ஏதும் உண்டா என்று பார்த்தபோது ஒன்று தென்பட்டது.

பெரிய காரியமன்று. ஜனவரி முதல் நாள் பிற்பகல் ஒருமுறை, மாலை ஒருமுறை, அரை மணி நேர ஆராதனை. முதல் ஷிப்டிலும் இரண்டாம் ஷிப்டிலும் இருப்பவர்களுக்கு ஏதாவது ஒன்று ஒத்துவரும். இரவு ஷிப்டுக்காரர்கள் தூங்கி எழுந்து மாலையில் வரலாம். வேண்டியவை ஒரு கூடம், ஒரு போதகர், விடுதிக் காப்பாளரின் அனுமதி. எங்கள் வாலிபர் சங்கத்தில் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தனர், இருவர் சேர்ந்துகொண்டனர். அனுமதி கேட்கும் கடிதத்தை எழுதும் பொறுப்பு எனக்கு. தமிழ்த்துறை ஆசிரியர் எவரேனும் அதில் பிழை பார்த்துத் தந்தால், தேர்வு விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடலாம்.