கட்டிய மரத்தின் பெயர்

உக்ரைனியர்கள் இரட்டை உடல் படகை ‘கத்தமரான்’ என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் புழங்கிய நம் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் தன் புத்தகத்தில் எழுதினார். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் பரவி, உலகின் பல மொழிகளுக்கும் போனது. 1876இல் அமெரிக்காவில் படகு வடிவமைப்பாளர் ஹெர்ரஷாஃப் கட்டிய இரட்டை உடல் பந்தயப் படகுக்குப் பிறகு பொருளே மாறிவிட்டது. அந்த வடிவம் பசிபிக் தீவுகளுடையது, பெயர் மட்டும் நம்முடையது.

நம் கட்டுமரத்துக்கு உடல் கூடு கிடையாது. லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தால் போதும். ஏறும் அலைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், அதனால் நீர் நிரம்பி மூழ்காது. கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அலையைத் தாண்டிக் கடிதம் கொண்டுபோனவர்கள் இந்தக் கட்டுமரக்காரர்கள்தான்.

இன்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகுகள்தான். மீனவருக்கு அது நல்லதே. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தைத் தேர்ந்து, செதுக்கி, முடிச்சுப் போடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அந்த வேலையைப் படம்பிடித்து, அணியம் (முன்பகுதி), அமரம் (பின்பகுதி) என அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் பதிய வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் காசிமேட்டுக்கு வரட்டும், இந்த ஆண்டே.