வேம்புக்குக் கட்டிய சேலை

எதிர்வீட்டு டீச்சர் ரிட்டயர் ஆன கையோடு பைபிளை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் என்னை வாசலில் நிறுத்திவிட்டார். "ஏன் தம்பி, யோசியா ராஜா தோப்பு விக்கிரகத்தை ஆலயத்துல இருந்து தூக்கிட்டுப் போய்க் கீதரோன்ல எரிச்சாருன்னு போட்டிருக்கு. கோயிலுக்குள்ள தோப்பு எப்படி வந்துச்சு?"

அங்கே எபிரேயத்தில் உள்ள சொல் அஷேரா. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் சோலை என்று வைத்தார்கள். 1611இல் வந்த ஆங்கில பைபிளும் அப்படியே எழுதியது. நம் பழைய தமிழ் பைபிளிலும் தோப்பாகவே நிற்கிறது. அஷேரா என்பவள் யாரென்று துலங்கியது 1929இல் சிரியாவின் உகாரித்தில் களிமண் பலகைகள் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான். பெரிய தெய்வமான ஏலின் மனைவி, எழுபது பிள்ளை பெற்ற தாய். இஸ்ரவேலில் அவள் பெயராலேயே ஒரு மரத்தூணைப் பலிபீடத்தின் பக்கத்தில் நட்டார்கள். நடாதே என்று பைபிளின் உபாகமம் தடுக்கிறது என்றால், நட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? 1975-76இல் சினாய்ப் பாலையில், குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் தோண்டியபோது கிடைத்த பெரிய மண்ஜாடிகளில் இஸ்ரவேலின் கடவுளான யாவேயின் பெயரோடு அவருடைய அஷேராவின் பெயரையும் சேர்த்து ஆசி எழுதியிருந்தது. ஏறக்குறைய 2,800 வருடப் பழசு. அந்த அஷேரா தேவியா, வெறும் தூணா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

மல்லாங்கிணறில் எங்கள் தெருமுனை வேம்பும் அம்மனும் ஒன்றா வேறா என்று யாரும் கேட்டதில்லை. மரத்தின் இடுப்பில் மஞ்சள் சேலை. எண்ணெயும் மஞ்சளும் ஏறி முந்தி விறைத்துப்போயிருக்கிறது. கீழ்க்கிளையில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய துணித்தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல். எருசலேம் ஆலயத்தில் பெண்கள் அஷேராவுக்கு ஏதோ நெய்தார்கள் என்கிறது யோசியா கதையின் அடுத்த வசனம். கூடாரமா, ஆடையா என்று அதற்கும் வாதம் உண்டு. ஆடி வெள்ளிக்கு அருப்புக்கோட்டையில் சேலை எடுத்து மரத்துக்குச் சுற்றுகிறவர்களிடம் கேட்டிருக்கலாம்.

தூணே வேண்டுமென்றால் நம் சங்கப் பாட்டு பட்டினப்பாலையில் இருக்கிறது. பொதியில் என்ற ஊர்மன்றத்தில் நட்ட கந்துக்கு, அதாவது தூணுக்கு, பெண்கள் அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். இன்றைக்குப் பார்க்க வைகாசியில் கரூர் போக வேண்டும். மாரியம்மன் முன்னால் மூன்று கிளை விட்ட மரக்கம்பத்தை நடுவார்கள். அங்கே கம்பம் அம்மனின் புருஷன். குடம் குடமாகப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். முடிவில் பிடுங்கி அமராவதியில் விட்டுவிடுவார்கள். கி.மு. 622 வாக்கில் யோசியாவும் பிடுங்கினார்தான். ஆனால் எரித்து, தூளாக்கி, கல்லறைகள் மேல் எறிந்தார்; மறுபடி யாரும் நடக்கூடாது. கரூரில் அடுத்த வைகாசிக்குப் புதுக் கம்பம் வரும்.

எங்கள் வேம்பின் மேல் எந்த ராஜாவும் கை வைக்கவில்லை. நாங்களேதான் வைத்தோம். முதலில் சிமெண்டில் திண்டு. போன வருடம் தூரை ஒட்டி டைல்ஸ், ஒரு விரல் மண் தெரியாமல். நன்கொடைப் பலகையில் ரூ.501 என்று என் பெயரும் இருக்கிறது. இந்தக் கரிசலில் பெய்வதே கொஞ்சம். பெய்ததும் டைல்ஸ் மேல் வழுக்கிச் சாக்கடைக்குப் போனது. பங்குனியில் ஊரிலுள்ள வேம்பெல்லாம் கொழுந்துவிட, இதன் மேற்குக் கிளை மட்டும் மொட்டையாக நின்றது.

இதையெல்லாம் சொன்னதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ யோசியா ராஜா வீணா தீக்குச்சியைச் செலவு பண்ணிருக்காரு."

உங்கள் தெருவிலும் அம்மன் மரத்துக்குத் திண்டு கட்ட வரி கேட்டு வருவார்கள். கொடுங்கள். கையோடு, தூரைச் சுற்றி நாலடிக்கு மண்ணை விட்டுவிடச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டேன்.