நவுன் என்பது பெயரா, இடமா?

ஆறாம் வகுப்பு மாணவனை எழுப்பி நிறுத்தி "நவுன் என்றால் என்ன?" என்று கேளுங்கள். மூச்சு விடாமல் பதில் வரும்: ஆள், இடம், பொருள், விலங்கு ஆகியவற்றின் பெயர். முழு மதிப்பெண்! அதே மாணவன் கல்லூரி முடித்து நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சேர்த்துச் சொல்ல முடியாமல் திணறுகிறான். பேசிப் பழகவில்லை என்று காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த மனப்பாட வரையறையிலேயே இருக்கிறது.

'வாட்டர்' ஒரு பொருளின் பெயர்தான். 'வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்றால்? செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று வினையாகிவிட்டது. 'ரன்' என்றால் ஓடு என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்கோர்போர்டில் இருக்கும் 'ரன்' பெயர்ச்சொல். சொல்லைத் தனியே பிடுங்கி வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாக்கியத்தில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழில் 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் ஓடியது பூனைதான். 'ஐ' உருபு கூடவே ஒட்டிக்கொண்டு போவதால் சொல் எங்கே நின்றாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் 'தி டாக் சேஸ்ட் தி கேட்' என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும்! எந்தச் சொல்லிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். அங்கே இடம்தான் உருபு.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் நாய் எழுவாயாக வந்தால் 'சே ஹுண்ட்', செயப்படுபொருளாக வந்தால் 'தொனெ ஹுண்ட்'. 1066இல் நார்மன்கள் வந்து இறங்குவதற்கு முன்பே இந்த வேற்றுமை வடிவங்கள் தேயத் தொடங்கின. சாசர் எழுதிய 14ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் காணாமல் போய்விட்டன. தப்பியவை 'ஹீ, ஹிம்' போன்ற சில. 'டாக்ஸ் டெயில்' என்பதில் உடைமையைக் காட்டும் அந்த 'ஸ்' கூடப் பழைய விகுதியின் மிச்சம்தான்.

இதைச் சொல்லித் தராததால் வரும் தவறுகளைப் பாருங்கள். 'ஷி கேவ் தி பாய் எ புக்' என்பதில் வினைக்குப் பின்னால் இரண்டு பெயர்கள் வெறுமனே நிற்கின்றன. முதலில் நிற்பவன் வாங்குபவன், அடுத்து நிற்பது பொருள். தமிழ் 'பையனுக்கு' என்று கு போட்டுச் செய்யும் வேலையை இங்கே வரிசை செய்கிறது. 'கிவ் மீ' சரி என்றால் 'எக்ஸ்பிளெய்ன் மீ தி சம்' என்பதும் சரிதானே என்று மாணவன் நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வினை 'டு மீ' என்றுதான் கேட்கும். 'டிஸ்கஸ்' நேர்மாறு, அதற்குப் பின்னால் 'அபவுட்' வேண்டாம். நம் 'பற்றி'தான் அங்கே போய் நுழைந்துகொள்கிறது. எந்த வினை தன் பெயர்களை எங்கே உட்கார வைக்கும் என்பது வினையோடு சேர்த்தே படிக்க வேண்டிய விஷயம். வகுப்பிலோ காமன், ப்ராப்பர், கலெக்டிவ், அப்ஸ்ட்ராக்ட் என்று பட்டியல் போட்டே ஒரு வாரம் போய்விடும். (சிங்கக் கூட்டத்துக்கு 'ப்ரைட்' என்று பெயர் என்பது யாருக்கு எந்த இன்டர்வியூவில் உதவியதோ!)

இத்தனைக்கும் முந்தைய பீரியடில்தான் தமிழாசிரியர் எட்டு வேற்றுமையையும் உருபுகளோடு நடத்திவிட்டுப் போயிருப்பார். அதே கரும்பலகையில் ஆங்கில ஆசிரியர், உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடமும் 'டு, வித், ஃப்ரம்' போன்ற சிறு சொற்களும் செய்கின்றன என்று எழுதிப் போட ஐந்து நிமிடம் போதும். நவுன் பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வரையறையும் வகைகளும் பிறகு வரட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது கடினம் என்பார்கள். ஆலப்புழையில் மிதப்பது ஹவுஸ்போட், ஊட்டி ஏரிக்கரையில் இருப்பது போட் ஹவுஸ். அதே இரண்டு பெயர்கள்தான். முன்னால் நிற்பது அடை, பின்னால் நிற்பதே பொருள். எதில் படுத்துத் தூங்கலாம், எதில் டிக்கெட் வாங்கலாம் என்று சுற்றுலா போய் வந்த எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள்.