மாட்டுக்கு ஓர் அமைச்சகம், மனிதருக்கு ஓர் அமைச்சகம்: நடுவில் கோலார் தங்கவயல்

புது தில்லி: கோலார் தங்கவயலின் பெயர் தலைநகரில் அடிபடும்போதெல்லாம் பேச்சு பெரும்பாலும் தங்கத்தைச் சுற்றியே அமைகிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பாரத் தங்கச் சுரங்கம், தொழிலாளர்களின் நிலுவைத் தொகை, சயனைடு மண்மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கம் ஆகியவற்றைத் தாண்டி அந்தப் பேச்சு அரிதாகவே செல்கிறது. ஆனால் கோலார் மாவட்டத்தின் இன்றைய அன்றாடப் பிழைப்பைத் தாங்குபவை பட்டும் பாலும். ராபர்ட்சன்பேட்டையையும் ஆண்டர்சன்பேட்டையையும் சூழ்ந்த கிராமங்களில், ஆற்றுநீர் இல்லாத நிலத்தை நம்ப இயலாத குடும்பங்களுக்கு மாதந்தோறும் கையில் காசு தருவது தொழுவத்தில் நிற்கும் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களே. அந்தப் பசுவிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் தில்லியில் இன்னும் நேரான விடை இல்லை.

கால்நடை மருத்துவர்கள் புருசெல்லோசிஸ் என்றும், தமிழக விவசாயிகள் கன்று வீச்சு நோய் என்றும் அழைக்கும் நோயை எடுத்துக்கொள்வோம். ஐந்து மாதம் கடந்த சினை கலைந்து கன்று விழும், நஞ்சுக்கொடி தங்கிவிடும், பால் குறையும். இதுவே அதன் முகம். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் வடியும் நீரிலும் கிருமி மிகுதியாக இருக்கும். பாலிலும் அது இறங்கும் என்றாலும், பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கமும், ஒன்றியத்தின் பதப்படுத்தும் ஆலையும் அதை அழித்துவிடுகின்றன. எனவே பால் வாங்கும் நகரவாசியைவிட அபாயத்தில் இருப்பவர், விழுந்த கன்றை வெறுங்கையால் தூக்கிப் புதைப்பவரும் நஞ்சுக்கொடியை இழுத்து எடுப்பவருமே. பல வீடுகளில் அது பெண்களின் வேலை. அடுத்த இடத்தில் கால்நடை மருத்துவரும் அவருடைய உதவியாளரும் நிற்கிறார்கள்.

மனிதரிடம் இந்நோய் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும், இரவு வியர்வையாகவும், இடுப்பு, மூட்டு வலியாகவும் வெளிப்படும். டைபாய்டு, மலேரியா என்று நினைத்து மருந்து கொடுப்பது எளிது. சில நாள்களில் காய்ச்சல் தணிவதும் பிறகு திரும்புவதும் அந்த நினைப்பை உறுதி செய்வதுபோல் தோன்றும். முறையான சிகிச்சை, இரண்டு மருந்துகளை ஆறு வாரங்கள் சேர்த்து உண்பது. மனிதருக்குத் தடுப்பூசி கிடையாது. ஆகவே நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்கள் வீட்டு மாடு கன்று வீசியதா?" என்பதுதான். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்ற வேண்டுமானால், அந்த ஊரில் மாடுகள் கன்று வீசுகின்றன என்ற தகவல் அவரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

விலங்கு முதலில் விழும், மனிதர் பிறகு விழுவர் என்ற பாடம் கோலாருக்குப் புதிதல்ல. பிளேக் காலத்தில் வீட்டுக் கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால், மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டார்கள். 1994-ஆம் ஆண்டு சூரத் பீதிக்கு முன் இந்தியாவில் மனிதரிடம் பிளேக் கடைசியாகப் பதிவானது 1966-இல், கர்நாடகத்தில். இடம், தங்கவயலை அடுத்த முல்பாகல் வட்டாரம். கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மூன்றின் எல்லைகளும் கூடும் அந்தப் பகுதியை, வயல் வெள்ளெலிகளிடையே பிளேக் கிருமி தங்கக்கூடிய இயற்கைக் களங்களுள் ஒன்றாகச் சுகாதாரத் துறை நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறது. எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் பிடித்துச் சோதிக்கும் கண்காணிப்புப் பிரிவு பெங்களூரில் இயங்கியது. தமிழக எல்லைக்குள் ஒசூரில், நோய் பரப்பும் பூச்சிகளுக்கும் விலங்குவழி நோய்களுக்குமான நிறுவனம் இருக்கிறது. நோயாளி ஒருவரும் இல்லாத ஆண்டுகளிலும் எலியைச் சோதிக்க அரசு பணம் ஒதுக்கியது. அன்று அதை யாரும் வீண் செலவு என்று சொல்லவில்லை.

கர்நாடகத்தின் மறுகோடியிலும் இதே பாடம்தான். ஷிமோகா மாவட்டத்தில் 1957-இல் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுநோய்க்குக் குரங்குகளின் சாவே எச்சரிக்கை மணி. காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் வனத்துறையும் கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டிய நிலை அங்கே அனுபவத்தால் உருவாயிற்று. கோலாரில் குரங்கின் இடத்தில் இருப்பது பசு. அது சாவதில்லை, கன்றை மட்டும் இழக்கிறது. அதனால் மணி ஒலிப்பதே தெரிவதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6-வது இனம் பொதுச் சுகாதாரம். 15-வது இனம் கால்நடை நோய்த் தடுப்பு. இரண்டும் மாநிலங்களுக்கு உரியவை. ஆனால் பொதுப் பட்டியலின் 29-வது இனம், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கும் வழங்குகிறது. அந்த ஒரே வரியில் மனிதர், விலங்கு, தாவரம் மூன்றும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. சாசனத்தை வகுத்தவர்கள் ஒன்றாக வைத்ததை, பின்னர் வந்த சட்டங்கள் தனித்தனியே பிரித்தன.

மனிதர் பக்கம் இருப்பது, பம்பாய் பிளேக்கை ஒடுக்க ஆங்கிலேய அரசு 1897-இல் அவசரமாக இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம். விலங்கின் பக்கம் இருப்பது 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். கன்று வீச்சு நோயும் அடைப்பானும் வெறிநோயும் இந்த இரண்டாவது சட்டத்தின் அட்டவணையில் உண்டு. மாட்டுக்காரர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ சொல்ல வேண்டும். அங்கிருந்து தகவல் கால்நடை மருத்துவருக்கும், அவரிடமிருந்து துறை இயக்குநருக்கும் செல்ல வேண்டும். இயக்குநர் அண்டை மாநிலங்களின் இயக்குநர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒழுங்கான சங்கிலிதான். ஆயினும் அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் மனித மருத்துவர் இல்லை. தங்கவயலை அடுத்த கிராமத்தில் ஒரு பசுவுக்கு நோய் உறுதியானால், சட்டப்படி ஆந்திரத்திலும் தமிழகத்திலும் உள்ள கால்நடைத் துறை இயக்குநர்களுக்குச் செய்தி போகும். ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனைக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று அந்தச் சங்கிலி கோரவில்லை.

தலைநகரிலும் இதே பிளவுதான். கால்நடை நலனுக்கு 2019-இல் மீன்வளத்தோடு சேர்த்துத் தனி அமைச்சகம் ஏற்பட்டது. அதன் மானியக் கோரிக்கைகளை ஆராய்வது மக்களவையின் கீழ் இயங்கும் வேளாண் நிலைக்குழு. சுகாதார அமைச்சகத்தை ஆராயும் நிலைக்குழுவோ மாநிலங்களவையின் பொறுப்பில் உள்ளது. கேள்வி நேரத்தில் இரு அமைச்சர்களும் வெவ்வேறு கிழமைகளில் பதில் அளிக்கிறார்கள். பசு ஓர் அமைச்சகத்தில் நிற்கிறது. அதன் பால் விற்பனைக்கு வந்ததும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாகச் சுகாதார அமைச்சகத்துக்கு மாறிவிடுகிறது. பால் கறந்தவரின் காய்ச்சல் மாநிலத்திடம் போகிறது. இந்த மூன்றையும் சேர்த்துக் கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர், அதை யாருக்கு அனுப்புவது என்பதிலேயே தடுமாறுவார்.

மத்திய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கிவைத்த தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கென ரூ.13,343 கோடி ஒதுக்கப்பட்டது. கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் எதிரான அந்தத் திட்டத்தின் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. ஆண்டுக்கு 3.6 கோடி கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போடுவது இலக்கு. பின்னர் இது கால்நடை நலம், நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இணைக்கப்பட்டது. அதற்கு 2024-25, 2025-26 ஆகிய இரு ஆண்டுகளுக்கு ரூ.3,880 கோடியை மத்திய அமைச்சரவை அனுமதித்தது.

பணத்தைவிட முக்கியம், ஊசியின் எல்லை. இது உயிருள்ள கிருமியைக் கொண்டு தயாரிக்கப்படுவது. நான்கு முதல் எட்டு மாத வயதுக் கிடேரிகளுக்கு, வாழ்நாளில் ஒரே முறை போட வேண்டும். சினைப் பசுவுக்குப் போட்டால் அதுவே கருவைக் கலைக்கக்கூடும். போடுபவரின் விரலில் ஊசி தவறிக் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். இன்று ஊசி பெற்ற கன்று பால் கறவைக்கு வர ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதுவரை தொழுவத்தில் நிற்கும் வயதுவந்த பசுக்களை இந்தத் திட்டம் தொடுவதில்லை. நோயைத் தாங்கி நிற்பவை அவையே.

அந்தப் பசுவை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்? ஒரு முறை கன்று வீசிய மாடு அடுத்த முறை ஒழுங்காக ஈனக்கூடும். பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். கர்நாடகத்தில் 2020-ஆம் ஆண்டின் பசுவதைத் தடைச் சட்டத்துக்குப் பிறகு மாட்டை இறைச்சிக்குக் கொடுக்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. கடன் வாங்கி வாங்கிய மாட்டை வெறுமனே கட்டித் தீனி போட ஏழைக் குடும்பத்தால் இயலாது. எஞ்சுவது சந்தையும் தரகரும்தான். நோயைச் சொன்னால் விலை போகாது. சொல்லாவிட்டால் மாடு இன்னொரு தொழுவத்துக்குப் போகும். தங்கவயலிலிருந்து ஆந்திரத்தின் குப்பமும் தமிழகத்தின் வேப்பனப்பள்ளியும் எட்டாத தூரமல்ல. மறைப்பதால்தான் நட்டமில்லை என்ற நிலையை அரசே உண்டாக்கிவிட்டு, மாட்டுக்காரர் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பது விந்தை.

வேறு வழியில் செய்ய முடியாதா என்றால், செய்துகாட்டப்பட்டிருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முன்பு கோலாரோடு இணைந்திருந்த சிக்கபள்ளாபூர் மாவட்டத்தின் வரதஹள்ளியில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. கோழிகள் அழிக்கப்பட்டன, சுற்றுவட்டாரம் கட்டுப்பாட்டுப் பகுதியானது, மக்களின் உடல்நிலையும் கண்காணிக்கப்பட்டது. பறவைக் காய்ச்சலுக்கான செயல்திட்டம் இரு துறைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டிருப்பதும், அழிக்கப்படும் கோழிக்கு இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்பதுமே இதற்குக் காரணம். கோழிக்கு உள்ள இந்த ஏற்பாடு பசுவுக்கு ஏன் இல்லை என்பதற்கு மருத்துவக் காரணம் கிடையாது. பறவைக் காய்ச்சல் உலகை அச்சுறுத்தியது. கன்று வீச்சு நோய் அச்சுறுத்துவது மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்பவரை மட்டும்.

மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலனையும் ஒன்றாகப் பார்க்கும் தேசிய இயக்கத்துக்கு 2024-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் நிறுவனத்துக்கு நாகபுரியில் 2022 டிசம்பரிலேயே அடிக்கல் நாட்டப்பட்டது. பல அமைச்சகங்கள் இதில் ஒரே மேசையில் அமர்கின்றன. ஆனால் இயக்கம் என்பது நிர்வாக ஏற்பாடு. கிராமத்துக் கால்நடை மருத்துவரையோ வட்ட மருத்துவ அதிகாரியையோ சட்டப்படி கட்டுப்படுத்தும் வலிமை அதற்கு இல்லை. அந்த வலிமை நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தில்தான் இருக்கும். 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தை முழுமையாக மறுஆய்வு செய்ய வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தனது 286-வது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது. அதற்கான மசோதா எழுதப்படும்போது, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தகவல் சங்கிலியில் மாவட்ட மருத்துவ அதிகாரியையும் ஒரு கண்ணியாகச் சேர்க்க ஒரே ஒரு உட்பிரிவு போதும். இழப்பீடு பற்றிய பிரிவுக்கு அதைவிடப் பெரிய போராட்டம் தேவைப்படும். அதில் நிதி அமைச்சகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.